இரண்டாவது ஆள்

எதை எடுத்தாலும் இரண்டு வைத்திருக்கிற மனிதர் என்பதால் ஆபீஸில் அவருக்கு டபுள் என்று பெயர். பையில் இரண்டு குடை, மேசையில் இரண்டு மூக்குக் கண்ணாடி, வீட்டுச் சாவி இரண்டு கொத்து. வெயில் காலத்தில் இரண்டு குடையோடு வருகிறவரைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தவர்கள்தான் திடீர் மழையில் அவர் மேசைக்கு முன்னால் போய்ப் பல்லிளித்துக்கொண்டு நின்றார்கள், அது வேறு விஷயம். இப்போது அவர் ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில், வலது கையும் வலது காலும் விளங்காமல் படுத்திருக்கிறார். எல்லாவற்றிலும் இரண்டு வைத்துக்கொண்டவர் தலையை மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். அதற்குள் ஓடுகிற ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது.

மொத்தமாகப் போயிருந்தாலாவது மனசு ஒரு வழியாக ஆறியிருக்கும். "அது வந்து" என்ற இரண்டு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அது வந்து, முதுகு வலித்தாலும் அது வந்து. கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் இதோ சொல்லிவிடப் போகிறார் என்று தோன்றும். அவருக்கே அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது. முகம் மலரும், உதடு தடுமாறும், அப்புறம் ஒன்றும் வராது.

"அவருக்கு எல்லாம் புரியுது, எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார் டாக்டர். "வார்த்தைதான் வெளியே வர மாட்டேங்குது. எழுதச் சொன்னாலும் இதே கதைதான். நாளாகும்."

டபுளின் மனைவியின் தம்பிக்கும் அதே ஆபீஸில்தான் வேலை. அவர்தான் முதலாளியம்மாவிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். முதல் நாள் "இவன் என் மச்சான்" என்று அறிமுகம் செய்ததோடு சரி, முதலாளியம்மாவிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவன் மச்சான்தான். பெரிய கட்டடங்களில் எந்தச் சுவருக்குள் எந்தத் தண்ணீர்க் குழாய் ஓட வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற கம்பெனி அது. வரைபடம், அதற்கு வந்த திருத்தம், திருத்தத்தைப் பற்றி நடந்த சண்டை, சண்டைக்கு அப்புறம் எடுத்த முடிவு எல்லாமே கம்ப்யூட்டரில் எல்லோரும் கூடிப் பேசி, கோப்புகளைப் பகிர்ந்துகொள்கிற ஒரே இடத்தில் இருந்தன. அந்த இடத்தைக் கட்டிக் காப்பது டபுளின் வேலை.

போன வருஷம் அவர் ஒரு திட்டம் போட்டார். பிரிவு பிரிவாகப் போய் உட்கார்ந்து, "நாளைக்குக் காலையில எல்லாமே போச்சுன்னு வெச்சுக்குங்க. முதல்ல உங்களுக்கு எது திரும்பி வரணும்?" என்று கேட்டார். "முதல்ல வாயைக் கழுவுங்க" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். வரைபடங்களை மட்டும் பத்திரமாக வைத்தால் போதாதா, இந்த வெட்டிப் பேச்சையெல்லாம் எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். "குழாய் எங்க போகுதுன்னு வரைபடத்துல இருக்கும்மா. ஏன் அங்க போகுதுன்னு பேச்சுலதான் இருக்கு" என்றார் அவர். யாரும் அவரைப் பெரிதாக மெச்சவில்லை. ஆனாலும் தினமும் மொத்தமும் பிரதி எடுக்கப்பட்டது. ஒன்று ஊரின் மறுகோடியில் ஒரு கட்டடத்துக்குப் போயிற்று, இன்னொன்று வேறு ஊரில் வாடகைக்கு எடுத்த இடத்துக்கு. வெளி இடத்துக்குப் போகிற சரக்கு என்பதால் இரண்டையும் பூட்டி அனுப்பினார். பூட்டைத் திறக்க ஒரு நீளமான வாக்கியம். அது தெரியாவிட்டால் அந்தப் பிரதிகள் வெறும் குப்பை. அந்த வாக்கியம் எப்போதும் இரண்டு பேர் தலையில் இருக்க வேண்டும் என்று திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார்.

இரண்டாவது ஆளாக மச்சானைத் தேர்ந்தெடுத்தார். நம்ம வீட்டுப் பையன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு தகுதி கிடையாது. மாடிப்படித் திருப்பத்தில் அவனை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, வாக்கியத்தைச் சொன்னார். சொன்னதையே மறுபடியும் சொன்னார். யாரும் கனவிலும் சொல்ல மாட்டாத கிறுக்கு வாக்கியம், நடுநடுவே எண்கள். அதில் ஒரு கழுதை வந்தது. மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையில் போன் இருந்ததும், அதில் ஒரு ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருந்ததும்கூட ஞாபகம் இருக்கிறது.

"எங்கேயும் எழுதி வைக்காதே. மனசுல போட்டுக்கோ."

"போட்டுக்கிட்டேன் மாமா."

சில மாதம் கழித்து ஒரு நாள், "ஞாபகம் இருக்குல்ல?" என்று கேட்டார். "இருக்கு மாமா" என்றான். மனுஷன் எவ்வளவு நிம்மதியாகத் திரும்பிப் போனார்!

அவர் படுக்கையில் விழுந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு விடுமுறை நாளில், கம்பெனியின் மொத்தக் கோப்புகளும் இருந்த சர்வர் அறைக்கு மேலே ஓடிய குழாய் வெடித்தது. ஊருக்கெல்லாம் குழாய் வரைந்து கொடுத்த கம்பெனியைக் கடைசியில் ஒரு குழாயே கவிழ்த்தது. மறுநாள் காலையில் வந்தவர்கள் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்க முடிந்தது, ஏனென்றால் டபுள்தான் எல்லாவற்றுக்கும் வழி செய்து வைத்திருக்கிறாரே. அது உண்மையும்கூட. இரண்டு பிரதியும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. வெளியிலிருந்து வந்த தொழில்நுட்பக்காரர் இணைப்புக் கொடுத்தார். திரையில் ஒரு காலிப் பெட்டி வந்தது. வாக்கியத்தைப் போடு என்றது.

"இதை யார்கிட்டயாவது சொல்லி வெச்சிருக்காரா?" என்று கேட்டார் முதலாளியம்மா. திட்டத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கம் வரைக்கும் யார் படித்தார்கள்? அந்தத் திட்டமும் இப்போது பூட்டுக்குள்தான் இருந்தது.

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். வீட்டு ஆள் ஆயிற்றே.

"மாமாவுக்குத்தான் தெரியும்" என்றான்.

அதில் பொய் ஏதும் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அப்புறம் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். கழுதை குடை வாங்கியது. கழுதை மாடி ஏறியது. கழுதை சம்பளம் கேட்டது. ஏழு கழுதை, ஒன்பது கழுதை. எத்தனை தடவை தப்பாகப் போட்டாலும் அந்தப் பூட்டு கோபித்துக்கொள்ளவில்லை. பொருந்தவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் காலியாக்கி வைத்தது. ஆயுசு முழுக்க உட்கார்ந்து போட்டாலும் அது அப்படியேதான் சொல்லும். "என்னடா மச்சான், எல்லாம் கழுதையாவே போடுறே?" என்று பக்கத்து மேசைக்காரன் கேட்டான். "மாமா இப்படித்தான் ஏதாவது வெச்சிருப்பார்" என்று சமாளித்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வேறு வழியில்லாமல் முதலாளியம்மாவும் மச்சானும் இன்னும் சிலரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்து, அதன்மேல் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். அக்கா கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் பயந்துவிடக் கூடாதே என்று மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். மாமா பயப்படவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் தெளிந்தது. இடது கையைத் தூக்கி, கட்டிலின் கால்மாட்டில் நின்ற மச்சானைச் சுட்டிக் காட்டினார்.

"அது வந்து" என்றார். "அது வந்து."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "பாருங்கம்மா. இத்தனை பேர் நிக்கிறோம், என் தம்பியைத்தான் தேடுறார்."

"டைப் பண்ணுங்க மாமா" என்று மச்சான் கம்ப்யூட்டரை முன்னால் தள்ளினான். மாமா அதை இடது கையால் ஒதுக்கினார். மறுபடியும் அவனைக் காட்டினார். பாதி வாயால் சிரிக்கக்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அந்த அறையில் ஒருத்தனுக்குத்தான் தெரிந்தது. உன்கிட்டதானே இருக்கு, என்னைப் போய் ஏன்டா கேக்கிறீங்க.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "யார்கிட்டயோ ஏதோ சொல்லியே ஆகணும்னு துடிக்கிறார். இது ரொம்ப நல்ல அறிகுறி. அந்தத் தம்பி தினமும் வரட்டும்" என்றாள். அக்கா விடுவாளா? தினமும் வேலை முடிந்ததும் போனான். தினமும் மாமா கையைத் தூக்கினார். அறைக்குள் நர்ஸ் வந்தால் நர்ஸிடம் அவனைக் காட்டினார், பெருக்க வந்தவளிடம் அவனைக் காட்டினார். "உங்க மேல அவருக்கு எவ்வளவு பாசம்" என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பாசமும்தான், இல்லையென்று யார் சொன்னது. மச்சானுக்கு அந்த ஒற்றை விரலைப் பார்க்கவே முடியவில்லை. மாமாவுக்குப் பேச்சு திரும்ப வேண்டும் என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டது. திரும்பினால் முதல் வார்த்தையே தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்த இன்னொரு மனசு, இப்போதைக்கு வேண்டாம் என்றது. சேர்த்துவிட்டவர், சோறு போட்டவர், அக்காவின் கணவர். அவர் ஊமையாகவே கிடக்கட்டும் என்று நினைக்கிறவன் மனுஷனா? அந்தக் கேள்வியை அவனே கேட்டுக்கொண்டான். கேட்டு என்ன, நினைப்பு நிற்கவில்லை.

இதற்கிடையில் கம்பெனி நாளுக்கு நாள் கரைந்தது. பாதி எழும்பிய கட்டடங்களில் சுவர் பூசியாயிற்று, உள்ளே குழாய் எங்கே போகிறது என்று சொல்ல ஆளில்லை. கட்டுகிறவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொண்டார்கள். மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. டபுள் கோட்டை விட்டுவிட்டார் என்று போகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

கடைசியாக முதலாளியம்மா மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நல்ல மனுஷி. வரும்போது கம்ப்யூட்டரை எடுத்து வரவில்லை, பூ மட்டும் கொண்டுவந்தார். இந்த மாதத்தோடு மூடுகிறேன் என்று அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"அவர் மேல எனக்குக் கோபம் இல்லம்மா. அவ்வளவு கவனமான மனுஷன், ரெண்டாவதா ஒருத்தர்கிட்ட சொல்லி வைக்கணும்னு தோணாமப் போச்சே. அதுதான் ஆறல."

தணிந்த குரல்தான். மாமாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. தலையணையிலிருந்து எழப் பார்த்தார். "அது வந்து! அது வந்து!" முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இடது கை ஆடிக்கொண்டே மச்சானைக் காட்டியது. பூப்பாத்திரம் விழுந்து உருண்டது. இருபது வருஷத்தில் யார் மேலும் குரல் உயர்த்தாத மனிதர். நர்ஸ் ஓடிவந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள்.

"தம்பி மட்டும் இருக்கட்டும்" என்றாள் அக்கா, அழுதுகொண்டே. "அவனைத்தான் கூப்பிடுறார். அவன் இருந்தா அடங்கிடுவார்."

கதவு சாத்திக்கொண்டது. மச்சான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். இப்போதே எழுந்து போய் முதலாளியம்மாவைப் பிடித்து, மாமா சொல்லி வைத்தார், நான்தான் அந்த ஆள் என்று சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை. மாமாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"மாமா, எனக்குத் தெரியாது மாமா. நீங்க சொன்னப்ப நான் காதுலயே வாங்கல. ஞாபகம் இருக்குன்னு சொன்னது பொய்."

மாமா அவனைப் பார்த்தார். அந்தப் பாதிச் சிரிப்பு சற்று நேரம் உதட்டில் அப்படியே இருந்தது, விளையாடுகிறான் என்று நினைத்தார் போல. அவன் முகத்தில் தேடினார். பிறகு சிரிப்பு போயிற்று. இத்தனை நாளும் அவர் எந்தக் கவலையும் இல்லாமல்தான் படுத்திருந்தார். பொருள் பத்திரமாக இருக்கிறது, அந்தப் பையனைக் கேளுங்கள் என்று இந்த முட்டாள்களுக்குப் புரியவைத்தால் போதும் என்று இருந்தார். குழாய் வெடித்தது அவரைப் பொறுத்தவரை இன்றைக்குத்தான்.

மெதுவாகக் கையை உருவிக்கொண்டார். மச்சானின் சட்டைப்பையிலிருந்த போனைச் சுட்டிக் காட்டினார். அவன் எடுத்து, எழுதுகிற பக்கத்தைத் திறந்து கொடுத்தான். இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். ஒரு சொல்லும் உருவாகவில்லை. அழித்தார். மறுபடி அழுத்தினார். தான் போட்டது வெறும் குப்பை என்று அவருக்கே தெரிந்தது, அதுதான் கொடுமை. மறுபடியும் அழித்தார். அந்த வாக்கியம் உள்ளே முழுசாக இருந்தது, கழுதையோடும் எண்களோடும், ஒன்றும் குறையாமல். கடைசியில் போனை அவன் மடியில் வைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த இரண்டு வார்த்தையும் வரவில்லை. பயிற்சிக்காரப் பெண் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள், படம் காட்டினாள், பாட்டுப் பாடினாள். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா வந்துட்டிருந்தாரே, என்ன ஆச்சு?" என்று அக்காவைக் கேட்டாள். அக்கா வெளியே வந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசு விட்டுட்டார்டா. நாளைக்கு நீ சீக்கிரமே வந்துடு. உன்னைப் பார்த்தாத்தான் அவருக்குத் தெம்பு."

"அக்கா."

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. வரேன்."

மறுநாள் சீக்கிரமே போனான். போவதற்கு ஆபீஸ் என்று ஒன்றும் இல்லை இப்போது. அவன் உள்ளே நுழைந்ததும் மாமா திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அசந்துட்டார்" என்று மெதுவாகச் சொன்னாள் அக்கா. நாற்காலியை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டாள். "நீ இங்கேயே உக்காரு. கண்ணைத் திறந்ததும் உன்னைத்தான் கேப்பார்."

மச்சான் உட்கார்ந்தான்.