வரப்பில் ஓர் ஆள்காட்டி

மரக்காணம் உப்பளத்தில் குத்தகைக்கு எடுத்த பாத்திகளுக்கு விஜயகுமார் டீசல் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்தான். பங்குனியில் எஞ்சினுக்கு ஆயில் மாற்றும்போது, வடித்து வைத்திருந்த பழைய ஆயில் டின் அவன் கால் பட்டு வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டது. அவன் மனைவி சத்யப்ரியா பதறிப்போனாள்.

"வாங்க, வாரி எடுத்துடலாம்."

"அட வுடு. வெயில்ல காஞ்சி பூடும்."

காயவில்லை. தண்ணீரின் மேல் பளபளவென்று படர்ந்து நின்றது.

வாய்க்கால் வரப்பில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. வெயில் ஏறினால் தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைகளின் மேல் உட்காரும். அந்த ஈரத்தில் அவை குளிரும். இப்போது அதன் வெள்ளை வயிறு கறுத்திருந்தது. சத்யப்ரியா கிட்டே போய்ப் பார்த்தாள். முட்டைகளின் மேலும் கரும்பிசுக்கு. முந்தானையால் துடைத்தாள். குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றியது. மறுநாள் பார்த்தால் மறுபடியும் பிசுக்கு. தட்டில் நல்ல தண்ணீர் வைத்தாள். அது திரும்பியும் பார்க்கவில்லை.

பக்கத்து உப்பளத்து ஆள்காட்டிக் கூட்டில் குஞ்சுகள் ஓடத் தொடங்கிவிட்டன. இங்கே ஒன்றும் பொரிக்கவில்லை.

"கூமுட்டையா இருக்கும்," என்று விஜயகுமார் ஒன்றை எடுத்து உடைத்தான்.

உள்ளே காலை மடக்கிக்கொண்டு, அலகு வந்த ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது.

"ஓடுதான் இருக்குதே சத்யா, எண்ணெ எப்பிடி உள்ள போச்சு?"

"ஓட்டு வழியாதானேங்க உள்ள இருக்கறது மூச்சு வுடும்?"

அவன் வைக்கோலை அள்ளிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினான். இருட்டும்வரை இருவரும் எண்ணெயை ஒற்றி எடுத்தார்கள். ஓரத்துச் சேற்றில் ஊறியது மட்டும் வரவேயில்லை.

மீதி மூன்றையும் எடுத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்றாவது உயிரோடு இருந்தால்? ஆனால் அவையும் பொரிக்கவில்லை. குருவி அடை காப்பதை விட்ட பிறகு அவளே அவற்றைப் புதைத்தாள்.

சித்திரைக் கடைசியில் அதே வரப்பில் அது மண்ணைக் கீறிப் புதுக் குழி பறித்துக்கொண்டிருந்தது. வயிறு இன்னும் கறுப்பாகவே இருந்தது. சத்யப்ரியா மண்கட்டியை எடுத்து எறிந்தாள்.

"இங்க வேணாம், போ! எங்கனா போ!"

விஜயகுமாரும் ஓடிவந்து கைதட்டி விரட்டினான். குருவி கத்திக்கொண்டே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே வரப்பில் வந்து இறங்கியது.