சனிக்கிழமை விருந்தாளிகள்

அந்த இத்தாலிய மலைக் கிராமத்தில், எர்சீலியாவின் வீட்டில் வெளிநாட்டார் வந்து சாப்பிடத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. கூட்டி வருபவன் அவள் கொழுந்தன் ரெமோ. சனிக்கிழமைதோறும் அடிவாரத்து ரயில் நிலையத்தில் வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவான். கோட்டைச் சுவர், பள்ளத்தாக்கு தெரியும் மேடு, பூகம்பத்தில் இடிந்து அப்படியே கிடக்கும் சிறிய மாதா கோயில் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, பசி முற்றும் நேரத்தில் அண்ணி வீட்டில் கொண்டுவந்து உட்கார வைப்பான்.

எர்சீலியா விடியும் முன்பே மாவு பிசைந்து, கையாலேயே பாஸ்தா உருட்டி, மேசையெல்லாம் காயப் போட்டுவிடுவாள். காட்டுப்பன்றிக் கறி முதல் நாளே ஒயினில் ஊறியிருக்கும். அடுப்பில் புறா வறுபடும் வாசனை தெருமுனைவரை போகும். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அந்த மனிதர்கள் அவள் கைகளைப் பிடித்துக்கொள்வார்கள். பெண்கள் சிலர் கட்டிப்பிடித்து அழுதே விடுவார்கள். அவர்கள் பேச்சு அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. கப்பலில் வேலை பார்த்தபோது ஆங்கிலம் கற்றுக்கொண்ட ரெமோதான் நடுவில் நின்று, "பிரமாதம்ங்கிறாங்க அண்ணி" என்பான். சாப்பாட்டுக்கு அழுகிற ஜனமும் உலகத்தில் உண்டா என்று எர்சீலியா ஆச்சரியப்படுவாள். உள்ளுக்குள் ஒரு கர்வமும் இருந்தது. கணவன் போனபின் அவளுக்கென்று மிஞ்சிய கர்வம் அது ஒன்றுதான்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அர்ஜென்டினாவிலிருந்து வந்த கிராசியெலா என்ற அம்மாள் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். தாத்தா காலத்தில் இங்கிருந்து கப்பலேறிப் போன குடும்பம். தட்டுத்தடுமாறி இத்தாலியன் பேசினாள்.

"உங்களை நெனச்சா மனசு ஆறலைங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. உங்க பொண்ணு போனப்ப என்ன வயசோ, அதே வயசு."

"என் பொண்ணு எங்க போனா?"

கிராசியெலா திகைத்தாள். "பூகம்பத்துல... அந்தக் கோயிலுக்குள்ள மெழுகுவத்தி ஏத்தப் போனப்ப இடிஞ்சு விழுந்துச்சுன்னு ரெமோ சொன்னாரே. அந்தக் கல்லு முன்னாடி நின்னப்ப எங்க யாருக்கும் பேச்சே வரல."

எர்சீலியா தட்டுகளை வாங்கித் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் மிச்சக் கறிக்காக வழக்கம்போல் வந்த ரெமோவை அவள் உட்காரச் சொல்லவில்லை.

"நீவெஸ் செத்துட்டாளா?"

அவன் மறுக்கக்கூட இல்லை. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டான். "அண்ணி, இந்த மலையில எந்த வீட்டுல சாப்பாடு நல்லா இல்ல? லொரெத்தானா வெக்கிற கறியும் இதேதான். ஜனம் ஏன் உங்களைத் தேடி வருதுன்னு நெனச்சீங்க?"

"அதுக்காக என் பொண்ணைக் கொல்லுவியாடா?"

"நான் எங்க கொன்னேன்? அண்ணன் சவப்பெட்டி உள்ள இருக்கிறப்ப, ஊர்க்கோயில் வாசல்ல ஊரே கேக்க நீங்கதானே சொன்னீங்க, எனக்கு மகளே கிடையாதுன்னு. நான் அதை வேற பாஷையில சொன்னேன், அவ்வளவுதான்."

சொன்னது உண்மை. விவாகரத்தான ஒருவனோடு துரின் நகரத்தில் குடியிருந்த நீவெஸ், அப்பாவின் அடக்கத்துக்குத் தாமதமாக வந்தாள். அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எர்சீலியா வாசலை மறித்து நின்று இருவரையும் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் இந்த வீட்டில் ஒலித்ததில்லை.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும், மகளின் பழைய எண்ணுக்குப் போன் செய்தாள். மணி நெடுநேரம் அடித்தது.

"அம்மாவா?"

"ரெமோ ஊரெல்லாம் ஒரு பொய் சொல்லிக்கிட்டுத் திரியிறான். உன்னைப் பத்தி."

"தெரியும்மா. போன வருஷமே தெரியும். கூட வேலை பாக்கறவ ஒருத்தி போன்ல காட்டினா. மகளைப் பறிகொடுத்த தாய் கையால சாப்பிட்டோம்னு யாரோ எழுதியிருந்தாங்க. உன் போட்டோவும் இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டு நின்ன."

"எனக்குத் தெரியாதுடி. சத்தியமா நான் சொல்லல."

"நீ சொன்னேன்னுதான் நெனச்சேன். அப்படி நெனைக்கக் கஷ்டமாவே இல்ல, அதான் பாரு."

"ஒரு தடவை வந்துட்டுப் போ, நீவெஸ்."

"வந்து? மேசையில எந்தப் பக்கம் உக்காரறது?" குரலில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம். "வேலை இருக்கும்மா. வெக்கிறேன்."

அடுத்த சனிக்கிழமை எர்சீலியா எப்போதும்போல் சமைத்தாள். எல்லாரும் உட்கார்ந்து ஒயின் ஊற்றிக்கொண்டதும், மேசையின் ஒரு முனையில் போய் நின்றாள்.

"ரெமோ, நான் சொல்றதை அப்படியே சொல்லு. என் பொண்ணு சாகல. துரின்ல இருக்கா. அவ அப்பா சாவுக்கு வந்தப்ப நான்தான் துரத்திவிட்டேன். தப்பு என்னோடது."

ரெமோ ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் பேசினான். அவள் பேசியதைவிட நீளமாகப் பேசினான். வயதான ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செம்பட்டைத் தலைக்காரி ஒருத்தி எழுந்துவந்து எர்சீலியாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"உயிரோட இருக்கா," என்றாள் எர்சீலியா அந்தத் தோளுக்குள். "உயிரோட இருக்கா." அந்தப் பெண் இன்னும் இறுக்கிக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினாள்.

எர்சீலியா அவளை விலக்கிவிட்டுப் புறாத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் ரெமோ என்னவோ சொல்வது கேட்டது. நாற்காலிகள் சத்தமில்லாமல் நகர்ந்தன. நோயாளி இருக்கும் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களைப்போல் அவர்கள் அடிமேல் அடி வைத்து வெளியேறினார்கள்.

அதோடு விருந்து நின்றது. ரெமோ பந்தியை லொரெத்தானா வீட்டுக்கு மாற்றிக்கொண்டான். அங்கே போக இந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். அடுத்த வாரமே ஆட்களை அவள் வீட்டு முன்னால் நிறுத்திப் பேசுவதை எர்சீலியா மாடி ஜன்னல் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவன் கை மூடிய கதவைக் காட்டியது, பிறகு மாடியைக் காட்டியது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஜன்னலைத் திறந்து கத்தலாமா என்று அவளுக்கு இருந்தது. கத்தினால் அதையும் அவன்தானே அவர்களுக்குச் சொல்லுவான்.

அவர்கள் போன பிறகு கீழே இறங்கிக் கதவைத் திறந்தாள். படியில் யாரோ ஒரு கொத்துக் காட்டுப்பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எடுத்துக் குப்பையில் போட்டாள். மறு சனிக்கிழமை இரண்டு கொத்து இருந்தது.