யாசீனின் நடுவே ஓர் இருமல்

"பிள்ளைங்க கிண்டல் பண்ணலக்கா. அவங்களுக்கு அப்படித்தான் ஓதத் தெரியும்."

"இருபத்திமூணு பேருக்கும் ஒரே நேரத்துல இருமல் வருமாடா, நிஹாத்?"

ஊரின் இளம் இமாம் நிஹாத் சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டான். மிர்ஹுனீசா தன் கிண்ணத்தைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஊருக்கு மேலிருந்த தெஷான் கோட்டையின் மேல் மத்தியான வெயில் அசையாமல் கிடந்தது.

அன்று காலை பள்ளிவாசலில், குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்த அவள் கணவர் ரெஃபிக் ஹோஜா இறந்து ஓராண்டானதற்காகக் கத்தம் ஓதினார்கள். முன்வரிசையில் உள்ளூர்ப் பிள்ளைகள். சுவர்த்திரையில், காணொளி வழியாக, லின்ஸுக்கும் மால்மோவுக்கும் என்று வெளிநாடு போய்விட்ட குடும்பங்களின் பிள்ளைகள். யாசீன் அத்தியாயம் பாதியைத் தாண்டியதும், நிறுத்தக்கூடாத இடத்தில் எல்லோரும் நிறுத்தினார்கள். இரண்டு முறை தணிவாக இருமினார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். திரையில் இருந்தவர்களின் இருமல் அரை நொடி பிந்தி, ஓர் எதிரொலிபோல வந்தது. பெண்கள் பகுதியில் மிர்ஹுனீசாவின் கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலை நழுவியது.

வாசலில் செருப்பு மாட்டும்போது கிழவர் எயூப் சத்தமாகவே சொன்னார்: "மெஷின்கிட்ட ஓதக் கத்துக்கிட்டா சளியும் சேர்ந்துதான் வரும்."

"எயூப் கிழவர் சொன்னதும் சரிதான்," என்றான் நிஹாத். "ஹோஜா ஓதிப் பதிஞ்சதை வச்சுத்தானே பிள்ளைங்க படிக்கிற செயலி மார்க் போடுது? அந்த இடத்துல இருமலைன்னா ரெண்டு மார்க் குறைச்சிடுது. லின்ஸ்ல ஒரு வாண்டு, இருமல் வரலைன்னு மிளகுத்தூளை மோந்து பார்த்திருக்கா."

மிர்ஹுனீசாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. போன வருஷம் இதே மேஜையில்தான் பதிவு செய்தார்கள். அவர் ஓதினார், அவள் தொலைபேசியின் பொத்தானை அழுத்தினாள். வெள்ளிக்கிழமைக்குள் செயலிக்குப் பாடங்களை அனுப்பியாக வேண்டியிருந்தது. அவர் முகம் வெளிறியிருந்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இன்னும் ஒரு பக்கம்தான், முடிச்சிடுங்க என்றாள். முடித்தார். பதினோராம் நாள் அவரை மண்ணுக்குள் வைத்தார்கள். அனுப்புவதற்கு முன், அந்த இருமலுக்குப் பின் இருந்த சில நொடிகளை அவள்தான் வெட்டினாள். வெட்டத் தெரிந்த அவளுக்கு, இருமலையும் வெட்டக் கை வரவில்லை.

"இருமல் இருந்துட்டுப் போகட்டும், நிஹாத்."

"எப்படிக்கா? நாளைக்கு இவங்க வேற பிள்ளைங்களுக்கு ஓதிக் கொடுப்பாங்க. அதுங்களும் இருமும். நூறு வருஷம் கழிச்சு, அது ஓதல்லயே சேர்ந்ததுன்னு நெனச்சுக்குவாங்க."

நூறு வருஷம். பார்த்திராத பிள்ளைகளின் நெஞ்சுகளில் ரெஃபிக் இருமிக்கொண்டே இருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். அது பயமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது.

"கவலைப்படாதீங்க. பிள்ளைங்க ஓதுற மக்தப்புக்கு நீங்க கொடுத்த பழைய போன்ல முதல் பதிவு அப்படியே கிடைச்சிருச்சு. முழுசு. அதுலேர்ந்து இருமலை மட்டும் சுத்தமா எடுத்துடலாம்." நல்ல செய்தி கொண்டுவந்தவனின் முகத்தோடு அவன் தொலைபேசியை மேஜையில் வைத்தான். "நானும் இன்னும் கேக்கல. சேர்ந்தே கேப்போம்னு வந்தேன்."

அவள் கை நீளுவதற்குள் அவன் விரல் பட்டுவிட்டது.

யாசீன் அறையில் எழுந்தது. நின்றது. இரண்டு இருமல். நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு, உலகத்தில் அவள் ஒருத்தி மட்டுமே கேட்டிருந்த அந்தத் தணிந்த குரல்:

"இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாமா, மிர்ஹுனீசா?"