கருத்தையா வாசித்த பேப்பர்

காலை ஏழு மணிக்குக் கருத்தையா பேப்பர் வாசிக்கிற அழகை ஊரே பார்த்திருக்கிறது. டீக்கடைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துண்டால் துடைத்து மாட்டுவார். பேப்பரை ஒரு உதறு உதறி விரிப்பார். “அடப் பாவியளா!” என்பார். யாராவது கேட்டால் ஒரு சேதியும் சொல்லுவார். அடுத்த பக்கத்தைத் திருப்புவார். தலைகீழாகப் பிடித்துவிடக் கூடாதே என்று, பக்கத்தில் ஏதாவது படம் இருக்கிறதா என அவர் முதலில் தேடுவது மட்டும் யாருக்கும் தெரியாது. படமே இல்லாத பக்கம் வந்துவிட்டால் மனிதர் பாடு திண்டாட்டம்தான்.

ஆமாம், கருத்தையாவுக்கு எழுத்து தெரியாது. இப்போது வயது ஐம்பத்திரண்டு. எட்டு வயதில், விடியுமுன் வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் அவரை ஏற்றிவிட்டார்கள். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்த வருஷம், வீட்டுக்குப் பிள்ளையின் கையும் வேண்டியிருந்தது. நாள் முழுக்கக் குச்சி அடுக்கியவருக்குப் பள்ளிக்கூடம் எட்டாமலே போயிற்று. இதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. பிறகு பண்ணினாரே, அதுதான் குற்றம். வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக நடமாடியவரைப் படித்தவர் என்று ஊர் நம்பியது. நம்பிவிட்டுப் போகட்டுமே என்று இவரும் இருந்துவிட்டார்.

அவர் மனைவி இசக்கிச்செல்விக்கும் அதே தீப்பெட்டி ஆபீஸ் கதைதான். ஆனால் நாலு மாதமாக, சாயங்காலம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இந்துஜா நடத்தும் எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறார். இந்துஜா உள்ளூர்ப் பெண், கல்லூரி முடித்தவள், தானாக முன்வந்து சொல்லிக் கொடுக்கிறாள்.

“பேரன் எடுக்குத வயசுல சிலேட்டு கேக்குதாட்டி ஒனக்கு?” என்று கருத்தையா கேலி செய்வார்.

“சிலேட்டு இல்லங்க, நோட்டு. நாப்பது பக்கம்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் நடையைக் கட்டுவார்.

அந்தக் கார்த்திகையில் உளுந்தில் புழு விழுந்தது. மூன்று ஏக்கர். முதல் விதைப்பு கருகிப்போய், மறுபடி விதைத்து, எப்படியோ தப்பிப் பிழைத்துப் பூவெடுத்திருந்த உளுந்து. அந்த வருஷத்துக்கு அவர்களுக்கு இருந்த வெள்ளாமை அது ஒன்றுதான். அதுவும் போனால் அடுத்த மழை வரைக்கும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

மருந்து வாங்கக் கோவில்பட்டிக்குக் கிளம்பியவரைப் பக்கத்துப் புஞ்சைக்காரர் சுடலைக்கண்ணு மறித்தார்.

“கருத்தையா, எம் மக்காச்சோளத்துக்கும் களைக்கொல்லி ஒரு பாட்டில் வாங்கிட்டு வாரும். நீரு படிச்ச ஆளு, பாத்து வாங்குவீரு.”

படிச்ச ஆளு என்ற சொல்லில் கருத்தையாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மருந்துக் கடைக்காரர், “இது உளுந்துக்கு, இது சோளத்துக்கு” என்று இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வெள்ளை நிறம். பேனாவால் மேலே பெரிதாக எழுதினார். “எது எதுக்குன்னு எழுதிட்டேன் அண்ணாச்சி. மாத்தி அடிச்சிராதீங்க, உளுந்து கருகிரும்.”

“அது தெரியாமலா?” என்று சொல்லி வாங்கிய கருத்தையா, உளுந்து மருந்து வலது கைப் பையில், களைக்கொல்லி இடது கைப் பையில் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். இரண்டும் மஞ்சள் பைதான். ஆனால் கை மாறாதல்லவா?

டவுன் பஸ்ஸில் அன்றைக்கு நிற்கக்கூட இடமில்லை. “அண்ணாச்சி, பைய அங்கன கீழ வச்சுட்டு உள்ள போங்க!” என்று கண்டக்டர் கத்தினார். சீட்டில் இருந்த ஓர் அம்மாள் இரண்டு பையையும் வாங்கிக் காலடியில் திணித்துக்கொண்டார். ஊர் வந்ததும், “இந்தாங்கய்யா” என்று இரண்டையும் சேர்த்து நீட்டினார். எந்தப் பை எந்தக் கையில் இருந்தது? கருத்தையா நடுரோட்டில் விழித்துக்கொண்டு நின்றார்.

அவரோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். ‘ஏட்டி, இதுல என்ன எழுதியிருக்கு?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கௌரவம் வாயைக் கட்டிப்போட்டுவிட்டது.

புஞ்சையில் வைத்து இரண்டு பாட்டிலையும் திறந்து மோந்து பார்த்தார். நாற்றம் கூடினதுதான் புழுவைக் கொல்லும் என்று ஒரு கணக்குப் போட்டார். நல்ல கணக்கு! முதுகில் தெளிப்பானை மாட்டி ஒரு டேங்க் அடித்து முடித்துவிட்டார். அடுத்த டேங்குக்குத் தண்ணீர்க் குடத்தோடு வந்த இசக்கிச்செல்வி, வரப்பில் கிடந்த பாட்டிலைச் சும்மா கையில் எடுத்தார். நாலு மாதமாக எதைப் பார்த்தாலும் வாசித்துப் பார்க்கிற ஆசை அவருக்கு. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தவர் பாட்டிலோடு அவரிடம் ஓடினார்.

“நிறுத்துங்க! இங்கன மக்காச்சோளத்துக்குன்னுல்லா எழுதியிருக்கு!”

“கண்ணாடி இல்லாம சரியாத் தெரியலட்டி...”

“கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்கு.”

கருத்தையா டேங்கை இறக்கி வைத்துவிட்டுத் தொப்பென்று வரப்பில் உட்கார்ந்தார். இசக்கிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“எனக்குத் தெரியும்ங்க. கல்யாணமான மூணாம் மாசமே தெரியும். எங்கண்ணன் போட்ட காயிதத்த வாசிச்சு, எல்லாரும் சொகமா இருக்காவன்னு சொன்னீங்க. மறுவாரம் அண்ணன் வந்து, காயிதத்துல கூப்பிட்டும் காதுகுத்துக்கு ஏன் வரலன்னு கண்ணீர் விட்டுச்சு.”

“பெறகு ஏன்ட்டி கேக்கல?”

“கேட்டா நீங்க குறுகிப் போவீங்களேன்னு விட்டுட்டேன். எந் தப்பும் அதுதான். அன்னைக்கே ரெண்டு பேருமாப் போயிப் படிச்சிருக்கலாம்லா?”

முப்பது வருஷமாகத் தன் மானத்தைப் பொத்திப் பொத்திக் காத்தவளைப் போய்க் கேலி செய்தோமே என்று கருத்தையா தலையில் அடித்துக்கொண்டார். அடித்த இடத்துப் பயிர் ஒரு வாரத்தில் கருகித்தான் போயிற்று. கால் ஏக்கர். மிச்சத்தை இசக்கிச்செல்வியின் நாலு மாதப் படிப்பு காப்பாற்றியது.

மருந்து அடித்த மறுநாள் காலையில் டீக்கடையில் சுடலைக்கண்ணு கேட்டார், “என்ன வே, இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?”

கருத்தையா பேப்பரை மடித்து அவர் மடியில் வைத்தார். “எனக்கு வாசிக்கத் தெரியாது வே. ஒம் மருந்தத்தான் நேத்து எம் உளுந்துல அடிச்சுட்டேன்.”

சுடலைக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார்.

“அப்போ, இத்தன வருசமா நீரு சொன்ன சேதியெல்லாம்?”

“நானாச் சொன்னதுதான்.”

யாரோ குபீரென்று சிரித்தார்கள். சுடலைக்கண்ணு சிரிக்கவில்லை. மடியில் கிடந்த பேப்பரைக் கருத்தையாவிடமே திருப்பி நீட்டினார். பிறகு மெதுவாக, “எனக்கும் தெரியாது வே. அதான் தெனமும் ஒம்மக் கேட்டேன். அந்த வகுப்புல ஆம்பளையளச் சேப்பாவளா?” என்றார்.

அன்று சாயங்காலம் இருவரும் பள்ளிக்கூட வாசலில் தயங்கி நின்றபோது, இசக்கிச்செல்வி பாயில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். இந்துஜாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “இத்தன நாளு ஏன் மாமா வரல?” என்று கேட்டாள்.

கருத்தையா எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். “படிக்காமப் போனது எங் குத்தம் இல்ல தாயி, எட்டு வயசுல வேலைக்கு அனுப்பிட்டாவ. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லாம மறைச்சேன் பாரு, அதுதான் எங் குத்தம். சொல்லியிருந்தா முப்பது வருசத்துக்கு முன்னாலயே யாராவது எனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாவ. இப்பச் சொல்லுதேன், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லிக் குடு.”