ஃபுட்ரெஸ்ட் வாங்கப் போனவள்

“பதறாதீங்க. கதவைக் கையால தள்ளாதீங்க. பக்கத்துல இருக்கிற கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. உங்க பேரு என்னன்னு சொல்லுங்க.”

“மாமா! நான்தான்!”

“நான்தான்னா எப்படிங்க? பேரு சொன்னாத்தானே எழுதிக்க முடியும்.”

“ஐயோ மாமா, நான் உங்க மருமக! நம்ம லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டேன்!”

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது.

நடந்தது இதுதான். அவளுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மணிப்படம் போட்ட மஞ்சள் பட்டனை அழுத்தினால் அழைப்பு அவளுக்கு வரும். அவர்களை ஆசுவாசப்படுத்தி, பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்பிவைக்க வேண்டும். கர்ப்பமான பிறகும் ஏழாம் மாதம் வரை ஆபீசில் உட்கார்ந்துதான் பார்த்தாள். ஆபீஸ் நான்காவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டில் ‘பழுது’ என்று பலகை தொங்கிக்கொண்டே இருக்கும். லிஃப்ட் கம்பெனியிலேயே லிஃப்ட் ஓடவில்லை என்றால் சிரிப்பதா அழுவதா? ஒருநாள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படியில் மூச்சிரைக்க நின்றவளைப் பார்த்து மேலாளர் மேடமே மனசு கேட்காமல், “போதும்மா, இனிமே வீட்டுலேருந்து பாரு” என்றார்.

கம்ப்யூட்டர் வந்தது, ஹெட்போன் வந்தது. உட்காரும் இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஒயர் காலில் தடுக்குமா, வெளிச்சம் போதுமா, நாற்காலிக்குச் சாய்மானம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்த மேடம், “கால் தரையில படல, தொங்குது. வீங்கிடும். ஒரு ஃபுட்ரெஸ்ட் அனுப்பறேன்” என்றார். அந்த வீட்டு லிஃப்ட் எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதுவும் அவர்கள் கம்பெனி லிஃப்ட்தான். இவ்வளவு ஏன், அந்த வட்டாரத்து அழைப்புகளெல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். அவளுக்கே அது உறைக்கவில்லை.

இப்போது ஒன்பதாம் மாதம். என்றைக்கு வேலையை நிறுத்துகிறாளோ அன்றைக்கே பிரசவ லீவு ஓட ஆரம்பித்துவிடும். முன்னால் எடுக்கிற ஒவ்வொரு நாளும் குழந்தையோடு இருக்கும் நாட்களில் கழியும். அதனால்தான் இடுப்பு விட்டுப்போனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குத்தான் ஃபுட்ரெஸ்ட் வந்தது. கூரியர்காரன் மேலே வர மாட்டேன் என்றான். பைக்கை விட்டுவிட்டு வந்தால் அடுத்த நிமிஷம் பைக் இருக்காதாம். கணவனுக்குக் கிடங்கில் வேலை, போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். மாமனார் குளித்துக்கொண்டிருந்தார். நாற்காலியை விட்டு எழுந்தால் திரையில் ‘பிரேக்’ என்ற பட்டனை அழுத்த வேண்டும், சட்டம் அப்படி. ஆனால் ஒன்பதாம் மாதத்தில் பாத்ரூமுக்கு நடந்து நடந்தே அன்றைய பிரேக் முழுக்கக் கரைந்துபோயிருந்தது. இன்னொரு தடவை அழுத்தினால் மேடத்தின் திரையில் சிவப்பாகக் காட்டும்.

போன வேகத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தாள்.

“மாமா, கீழ போயிட்டு வந்துடறேன். கம்ப்யூட்டர் மணியடிச்சா தொடாதீங்க. கொஞ்ச நேரம் அடிச்சுட்டு அதுவா வேற ஆளுக்குப் போயிடும்.”

“சரிம்மா சரிம்மா” என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

பார்சலை வாங்கிக்கொண்டு மேலே வரும்போது லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது. பிறகு அசைவே இல்லை. போன் மேஜைமேல் சார்ஜில் கிடந்தது. மஞ்சள் பட்டனை அழுத்தினாள். அழுத்திய பிறகுதான், அது யார் மேஜையில் அடிக்கும் என்பது மண்டையில் ஏறியது.

எடுக்காதீங்க மாமா, எடுக்காதீங்க. இன்னும் ரெண்டு மணியடித்தால் ஆபீசில் இருக்கும் பெண்ணுக்குப் போய்விடும்.

எடுத்துவிட்டார்.

எடுக்காமல் எப்படி இருப்பார்? ஆயுசில் பாதியை பஸ் கண்டக்டராக ஓட்டியவர். தெருவே அவரை ‘விசில்’ என்றுதான் கூப்பிடும். மணிச்சத்தம் கேட்டால் அவருக்குக் கை தானாகப் போகும்; ஹெட்போனை மாட்டி அதிலிருந்த பட்டனை அழுத்திவிட்டார். மருமகள் பேசுவதை சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கேட்டு முழுவதும் மனப்பாடம் வேறு. சாப்பிட உட்கார்ந்தால்கூட, “பதறாதீங்க, சோறு கிளம்பிடுச்சு, பக்கத்துலதான் இருக்கு” என்று கிண்டல் பண்ணுவார்.

இதில் ஒரு சிக்கல். அழைப்பை ஒருவர் எடுத்துவிட்டால் அது அந்த மேஜையின் பொறுப்பு. அந்தத் திரையிலிருந்து அனுப்பினால்தான் மெக்கானிக் கிளம்புவார்.

“மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. திரையில என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல. கறுப்பா இருக்கு. நீ எப்படிம்மா இருக்கே? மூச்சு விட முடியுதா?”

“முடியுது. பக்கத்துல இருக்கிற மவுஸை ஆட்டுங்க.”

அப்போது வயிறு இறுகியது. யாரோ உள்ளிருந்து முஷ்டியை மடக்கியதுபோல் கல்லாக நின்றது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இது வலியா, வெறும் இறுக்கமா? நெற்றியில் வியர்வை பொடித்தது. எத்தனை பேரிடம் ‘பதறாதீங்க’ என்று சொல்லியிருக்கிறாள்! இந்தப் பக்கம் நின்று கேட்கும்போதுதான் தெரிகிறது, அந்த வார்த்தையால் ஒரு பிரயோசனமும் இல்லை.

“பாஸ்வேர்டு கேக்குதும்மா.”

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இதைவிட லிஃப்ட் அறுந்து விழுந்தாலே தேவலாம்.

“தொல்லை மாமா.”

“யாரு?”

“அதான் பாஸ்வேர்டு. இங்கிலீஷ் எழுத்துல, ரெண்டு வார்த்தையையும் சேர்த்து அடிங்க.”

ஒற்றை விரலால் தட்டும் சத்தம் கேட்டது.

“தொல்லைக்கு ஒரு ‘எல்’லா, ரெண்டு ‘எல்’லா?”

“ரெண்டு.”

“அதானே பார்த்தேன். ஒண்ணு எப்படிப் பத்தும்?”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரித்ததில் வயிறு மறுபடி இறுகியது. பாதி சிரிப்பிலேயே “அம்மா” என்று முனகிவிட்டாள்.

“என்னம்மா? வலிக்குதா?” அவர் குரலில் இருந்த விளையாட்டெல்லாம் போய்விட்டது. “நான் வந்து கதவை உடைச்சிடறேன்.”

“வேண்டாம்! நீங்க எழுந்தா யாரும் வர மாட்டாங்க. பச்சையா ஒரு கட்டம் இருக்கா? அதை அழுத்துங்க. நம்ம கட்டடம் பேரு முதல்ல நிக்கும். அடுத்தது மெக்கானிக்குகளோட பேரு வரும். மேல இருக்கிற ஆளை அழுத்துங்க.”

“அழுத்திட்டேன். மேப்புல சிவப்பா ஒரு புள்ளி நகருது.”

அந்தப் புள்ளி யாரென்று அவளுக்குத் தெரியும். அந்த வட்டாரத்து மெக்கானிக். எப்போது கேட்டாலும் “பத்து நிமிஷம்” என்பார், அதனால் ஆபீசில் அவருக்கு அதுவே பெயர். அவளும் லிஃப்ட்டில் மாட்டியவர்களிடம் அதையே வாய் கூசாமல் சொல்வாள். அவருடைய பத்து நிமிஷத்தின் நீளம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். பார்சலை நகத்தால் கிழித்தாள். கால் வைக்க வந்த பலகையைச் சுவரோரம் போட்டு அதன்மேல் மெல்ல உட்கார்ந்தாள். உள்ளே குழந்தை அசைகிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே வைத்தாள். இல்லை.

“மாமா, ஏதாவது பேசுங்க. பதறாதீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க.”

அவர் தொண்டையைச் செருமினார்.

“ரை ரைட்! வண்டி பாலத்தடியில நிக்குது. பாலத்தடி இறங்கறவங்கல்லாம் இறங்கு! படியில நிக்காதே தம்பி, உள்ள நகரு. போலாம் ரைட்!”

“என்ன மாமா?”

“நம்ம ஆளு எங்கெங்க வர்றாருன்னு சொல்றேன். நான் ஓடின ரூட்டுதான் இது. அடுத்து தீயணைப்பு நிலையம். இந்த இடத்துல எப்பவும் நெரிசல். ஆங், ஊர்ந்துக்கிட்டு வர்றாரு. ஏய்யா, அந்த லாரியை ஓவர்டேக் பண்ணேன்யா! ரைட், தாண்டியாச்சு. அடுத்த ஸ்டாப் தண்ணித்தொட்டி, தண்ணித்தொட்டி!”

இறுக்கம் வந்தது. “மாமா...”

“மூச்சை விடு. தண்ணித்தொட்டி வரைக்கும் மூச்சை மெதுவா விடு. பிரேக் போடாம வா. இதோ வந்துருச்சு. இப்ப உள்ள இழு. எனக்கு ஸ்டாப் தப்பினதே இல்லம்மா, இன்னைக்கும் தப்பாது.”

லிஃப்ட் ஸ்பீக்கரில் வந்த அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அவள் அந்தக் குரலை விடாமல் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் வந்தது, கடைத்தெரு வந்தது. கடைத்தெருவில் வண்டி நின்றேவிட்டது. மாமா வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அந்த மெக்கானிக்கைத் திட்டினார். அந்த வசவைக் கேட்டோ என்னவோ, உள்ளே இருந்தது விலாவில் ஓங்கி ஒரு உதை விட்டது.

“உதைக்குது மாமா! உதைக்குது!”

“உதைக்கட்டும், உதைக்கட்டும்! நம்ம வம்சமாச்சே!” என்றார் அவர். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

கதவு விலகியபோது, தரைக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் எண்ணெய்க் கறையோடு ஒரு முகம் எட்டிப்பார்த்தது. “நீங்கதானா அது? குரலை மட்டும்தான் கேட்டிருக்கேன்” என்றார் பத்து நிமிஷம். லிஃப்ட்டைக் கையால் இயக்கித் தளத்துக்குச் சமமாகக் கொண்டுவந்துவிட்டுத்தான் அவளை வெளியே விட்டார். லிஃப்ட் வாசலில் மாமா தலையில் ஹெட்போனோடு நின்றார். ஒயர் பின்னால் வால்மாதிரி தொங்கியது.

டாக்டர் பார்த்துவிட்டு, பொய்வலிதான், குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் இனி பிரசவம்வரை படுக்கைதான், வேலை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. படுக்கிற ஒவ்வொரு நாளும் குழந்தையோடு இருக்கிற நாளில் ஒன்று போகுமே.

மறுநாள் மேடம் போன் பண்ணினார்.

“ரெக்கார்டிங் கேட்டேன். யாரு அந்த ஆளு? ட்ரெய்னிங் குடுக்காமலே நம்ம பசங்களைவிட நல்லா பேசறாரே!”

“மேடம், வெளி ஆள் எடுக்கக்கூடாதுன்னு தெரியும். நான் பிரேக்கும் போடல. என் தப்புதான்.”

“தப்புதான். அதை நான் எழுதித்தான் ஆகணும். ஆனா இன்னொண்ணு கேளு. பிரேக் போட்டிருந்தா அது உன் சொந்த நேரம். நீ போடாததால, கணக்குப்படி நீ டியூட்டியில இருந்தே. டியூட்டி நேரத்துல, நாங்க அனுப்பின பொருளை எடுக்கப் போய், நம்ம லிஃப்ட்டுலயே மாட்டியிருக்கே. வேலையில நடந்த விபத்துன்னு போயிடும். டாக்டர் சொன்ன ஓய்வு பூரா கம்பெனி பொறுப்பு. உன் பிரசவ லீவுல யாரும் கை வைக்க முடியாது.”

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். மேடம் தொடர்ந்தார்.

“ஆனா மேலேருந்து உன்னைக் கேப்பாங்க. அந்த நேரம் வேலையில இருந்தியான்னு. நீ உன் வாயால ஆமான்னு சொல்லணும். யோசிச்சு நாளைக்குச் சொல்லு.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆமான்னு சொல்லிட்டுப் போவியா” என்றான் கணவன். மாமா மட்டும் மோவாயைத் தடவினார். “வண்டியை விட்டுட்டு டீ குடிக்கப் போனா அது டியூட்டி இல்ல. டிப்போவுல டிக்கெட் கட்டு வாங்கப் போனா டியூட்டிதான். நீ போனது எந்தக் கணக்குன்னு எனக்கே பிடிபடலம்மா.”

அவள் ஃபுட்ரெஸ்ட்டின்மேல் காலை நீட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். நாற்காலியை விட்டு எழுந்தபோது, யார் கண்ணிலும் படாமல் போய்வந்துவிடலாம் என்று நினைத்தது அவளுக்குத் தெரியும். போனது கம்பெனி சொன்ன பொருளுக்காக என்பதும் தெரியும். இரண்டும் நிஜம். வயிற்றுக்குள் மறுபடி ஒரு உதை, என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று கேட்பதுபோல்.

நாளைக்கு அவள் சொல்லியாக வேண்டும். நீங்களே சொல்லுங்கள், அந்த லிஃப்ட்டுக்குள் இருந்த நேரம் அவள் வேலையில் இருந்தாளா, இல்லையா? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?