ஒரு பேச்சுக்குச் சொன்னது

ஜான்சி எறிந்த பந்து கூடைக்குள் விழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். இசக்கிசெல்வியும் தட்டினாள். தட்டாவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்! உள்ளுக்குள் வயிறு பற்றி எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? பத்து வருஷமாக இந்த மாட்டுங்கா பெண்கள் பாஸ்கெட்பால் டீமுக்கு அவள்தான் கேப்டன். வாரம் முழுக்கத் தாராவியில் ஒரு பேக் பட்டறையில் மெஷின் மிதிக்கிறவள். அங்கே சேட் சொன்னதைத் தைக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டில் இறங்கினால்தான் அவளும் ஒரு ஆள். அவள் வாயைத் திறந்தால் நாலு பேர் கேட்பார்கள். அதில் மண்ணைப் போட வந்து சேர்ந்திருக்கிறாள் இந்த ஜான்சி. கொக்கு மாதிரி உயரம். எவ்வளவு ஓடினாலும் மூச்சு வாங்குவதில்லை. போதாக்குறைக்கு நல்ல பெண் வேறு, ஒரு குறை சொல்ல வழியில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

போன சீசனில் டீம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது. அதிலிருந்து ஒரே பேச்சு. பழைய ஆட்களை அனுப்பிவிட்டுச் சின்னப் பெண்களை வைத்து டீமைப் புதிதாகக் கட்டுவதா, இல்லை யாரையும் விடாமல் வைத்துக்கொண்டு இந்த வருஷம் போகிற போக்கைப் பார்ப்பதா? இன்று ஆட்டம் முடிந்ததும் முடிவைச் சொல்வதாகச் செயலாளர் மாலதி சொல்லியிருந்தாள். மாலதி மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், வங்கியில் வேலை. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

எல்லோரும் கோர்ட் ஓரத்துப் படியில் உட்கார்ந்தார்கள். மாலதி தொண்டையைச் செருமினாள். அவள் பார்வை ஜான்சி பக்கம் போனதை இசக்கிசெல்வி பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், புத்தி கெட்டுவிட்டது. இவள் சொல்லி நான் போவதா? நானே சொல்கிறேன். எல்லோரும் பதறட்டும், காலில் விழாத குறையாகக் கெஞ்சட்டும், இந்தக் கொக்கு அதைக் கண்ணால் பார்க்கட்டும்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லுதேன். டீமைப் புதுசாவே கட்டுங்க. நான் ஒதுங்கிக்கிடுதேன். இனிமே ஜான்சி பாத்துக்கிடட்டும்."

இசக்கிசெல்வி பிறந்த திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் முதல் 'வேண்டாம்' கணக்கிலேயே சேராது. வந்தவர் சாப்பாடு வேண்டாம் என்பார், வீட்டுக்காரர் இலையைப் போடுவார். மறுபடி வேண்டாம் என்பார், சோறு விழும். கடைசியில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். வற்புறுத்தாத வீட்டுக்கு மனுஷன் போவானா? இசக்கிசெல்வியும் அந்த வற்புறுத்தலுக்குத்தான் காத்திருந்தாள்.

மாலதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எவ்ளோ பெரிய மனசு இசக்கி உனக்கு! இந்த வருஷமும் நீயே கேப்டனா இரு, ஜான்சி உனக்குக் கீழ ஆடட்டும், மத்ததை அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்னு சொல்லத்தான் வந்தேன். நீயே இவ்ளோ தெளிவா சொல்லிட்டப்புறம் எதுக்கு இழுத்துண்டு இருக்கணும்?"

இசக்கிசெல்வி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அடிப்பாவி, கையில் இருந்த சோற்றை நீயே தட்டிவிட்டாயே!

மற்றவர்கள் ஷூ லேஸை அவிழ்க்கக் குனிந்துகொண்டார்கள். ஜான்சிதான் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அரே, அப்படிச் சொல்லாதீங்கக்கா! நீங்க பாஸ் குடுத்தாத்தான் எனக்கு ஆட்டமே வருது. இருங்கக்கா, ப்ளீஸ்."

அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. மாலதியும் கொஞ்சம் யோசனையோடு பார்த்தாள். "இசக்கி, மனசாரத்தான் சொன்னியா?"

'சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மேடம்' என்றால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் யார் கெஞ்சி? இவள் கெஞ்சி! நாளைக்கு ஊரெல்லாம் என்ன சொல்லும்? ஜான்சி தயவில் இசக்கி ஆடுகிறாள் என்று சொல்லாதா? அதற்குத் தூக்கில் தொங்கலாம்.

"கையை விடுட்டி," என்று உதறினாள். "இசக்கி ஒரு தரம் சொன்னா சொன்னதுதான்."

இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் இருக்கிறேன் என்று சொல்லியிருப்பாள். பாவிப் பெண், ஜான்சி அவள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.