இடது ஓரம்

காலை பதினொன்றே காலுக்கு சாஹித்யா ஹப்சிகுடா பிரிண்ட் கடைக்குள் நுழைந்து, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தைப் போனிலிருந்து அனுப்பினாள். கடைக்காரன் தீபக் திரையில் அதைப் பெரிதாக்கினான். முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன.

"வாட்ஸ்அப்ல வந்தது நக்கோ, வேணாம் மேடம். எடுத்த போன்லேர்ந்து ஒரிஜினல் வேணும்."

எடுத்தது அப்பாவின் தங்கை ரமா அத்தையின் போன். அதில் டைமர் வைத்துவிட்டு, ஓடி வந்து இடது ஓரத்தில் நின்றுகொண்டாள் அத்தை.

"நீங்க சொன்ன பிரேம் சைஸுக்கு ஒரு ஓரத்துல ஒரு ஆள் போயிடும். இல்லேன்னா மேலயும் கீழயும் வெள்ளை விடணும்" என்றான் தீபக்.

வலது ஓரத்தில் அம்மாவின் அண்ணா. என்ன செய்வதென்று சாஹித்யா அம்மாவுக்குப் போன் செய்து கேட்டாள்.

"காலண்டர் மாதிரி வெள்ளையெல்லாம் வேண்டாம். பிரேம் வாங்கியாச்சு, ஆணியும் அடிச்சாச்சு. எங்கண்ணா மேல கை வெச்சியோ, பாத்துக்கோ!"

இனி அத்தையிடம்தான் ஒரிஜினலைக் கேட்க வேண்டும். கேட்டாள்.

"டாக்குமெண்ட்டா அனுப்பறேன், அப்பத்தான் கிளியரா இருக்கும். இதுகூடத் தெரியாம என்னடி படிச்சே?" என்று அத்தை சிரித்தாள்.

அழைப்பில் இருக்கும்போதே படம் வந்துவிட்டது. தீபக் திறந்தான். எல்லாரும் விறைப்பாக நிற்க, கொசுவம் கலைந்த அத்தை மட்டும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தீபக்கின் வெட்டுக்கோடு அவள் தோளருகே வந்து நின்றது.

"சாஹித்யா, லைன்ல இருக்கியா? ஓடி வந்த அவசரத்துல பாக்கவே இல்ல. நான் படத்துல முழுசா விழுந்திருக்கேனாடி?"